இறந்தகாலத்தில் நின்று பார்த்த எதிர்காலம்

ஸ்பானிய வினைகளில் மூன்று குடும்பங்கள் உண்டு. மூலவடிவம் ‘ஆர்’ என்று முடிபவை, ‘ஏர்’ என்று முடிபவை, ‘ஈர்’ என்று முடிபவை. பேசுவதற்கு ‘ஆப்லார்’, சாப்பிடுவதற்கு ‘கொமேர்’, எழுதுவதற்கு ‘எஸ்கிரிபீர்’. நிகழ்காலத்தில் மூன்றும் வெவ்வேறு விகுதிகளை ஏற்கும். இறந்தகாலத்தில் ‘ஏர்’, ‘ஈர்’ குடும்பங்கள் ஒன்றானாலும் ‘ஆர்’ தனித்து நிற்கும். அடிச்சொல்லே உருமாறிவிடும் வினைகளும் ஏராளம். ஆனால் ‘கொந்திசியொனால்’ என்று இலக்கண நூல்கள் அழைக்கும் காலத்துக்கு வந்ததும் இந்தக் குடும்பப் பிரிவினை மறைந்துபோகிறது. ஒருசில வினைகள் நீங்கலாக, மூலவடிவத்தை ஓர் எழுத்தும் குறைக்காமல் அப்படியே வைத்து, பின்னால் ‘ஈயா’ என்று சேர்த்தால் வேலை முடிந்தது.

நான் என்றால் ஆப்லரீயா. நீ என்றால் ஆப்லரீயாஸ். அவன், அவள், மரியாதையாக விளிக்கப்படும் ஒருவர் ஆகிய மூவருக்கும் மறுபடி ஆப்லரீயா. நாங்கள் என்றால் ஆப்லரீயாமோஸ், அவர்கள் என்றால் ஆப்லரீயான். ஸ்பெயினில் நண்பர்கள் பலரை ஒருசேர விளிக்கும்போது ஆப்லரீயாயிஸ். லத்தீன் அமெரிக்கப் பேச்சில் இந்த வடிவம் இல்லை. ஆப்லரீயானே அந்த இடத்தையும் நிரப்பிவிடுகிறது. ‘கொமேர்’ கொமெரீயா ஆகும், ‘எஸ்கிரிபீர்’ எஸ்கிரிபிரீயா ஆகும். விகுதிகள் அதே ஆறுதான். ஆறிலும் ஈகாரத்தின் மேல் அழுத்தக்குறி எழுதியே ஆக வேண்டும். தன்மை ஒருமையும் படர்க்கை ஒருமையும் ஒன்றாகவே இருப்பதால், வழக்கமாக எழுவாயை விட்டுவிடும் ஸ்பானியம் இங்கே ஐயம் வருமிடத்தில் ‘நான்’, ‘அவள்’ என்று அதைத் திரும்ப அழைத்துக்கொள்ளும். பியூனஸ் அயர்ஸில் நீ என்பதற்கு ‘தூ’ போய் ‘வோஸ்’ வந்து, நிகழ்கால வினையும் அதற்கேற்ப மாறிவிட்டது. இந்தக் காலத்திலோ மாத்ரித்காரரும் பியூனஸ் அயர்ஸ்காரரும் ஒரே ஆப்லரீயாஸைத்தான் சொல்கிறார்கள்.

இவ்வளவு ஒழுங்கு எங்கிருந்து வந்தது? பெரும்பாலான பாடநூல்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ‘இப்படி நடந்தால் அப்படிச் செய்வேன்’ என்ற வாக்கியத்தின் பின்பாதிக்கு உரிய காலம் என்று அறிமுகப்படுத்தி, ஆறு விகுதிகளையும் கட்டம் போட்டுக் கொடுத்துவிட்டுப் பயிற்சிக்குப் போய்விடுகின்றன. பெயரிலேயே நிபந்தனை இருப்பதால் அது இயல்பாகவும் தோன்றுகிறது. என் வாதம் வேறு. ஆப்லரீயா பிறவியில் நிபந்தனைக்கான வடிவம் அல்ல. இறந்தகாலத்தில் ஒரு புள்ளியில் நின்றுகொண்டு, அங்கிருந்து முன்னோக்கிப் பார்த்த எதிர்காலம் அது. அதன் உடம்பிலேயே இரண்டு பாதிகள் தெரிகின்றன: மூலவடிவம் எதிர்காலத்தின் பாதி, ‘ஈயா’ இறந்தகாலத்தின் பாதி. இதைப் பிடித்துக்கொண்டால் விகுதிகளின் ஒழுங்கும், விதிவிலக்குகளின் காரணமும், நிபந்தனையோடு சம்பந்தமே இல்லாத மற்றப் பயன்பாடுகளும் ஒரே இடத்திலிருந்து விளங்கும்.

லத்தீனில் ஒரு பழைய எதிர்காலம் இருந்தது. ‘பாடுவான்’ என்பதற்குக் காந்தாபித். ‘பாடினான்’ என்பதற்குக் காந்தாவித். பேச்சு வழக்கில் உயிரெழுத்துகளுக்கு நடுவே வந்த பகரமும் வகரமும் ஒரே ஒலியாகக் குழைந்தபோது, நடக்கப்போவதும் நடந்து முடிந்ததும் காதுக்கு ஒன்றாகிவிட்டன. பழைய எதிர்காலம் வழக்கொழிந்ததற்கு இது ஒரு காரணம். அதன் இடத்தில் மக்கள் சுற்றிவளைத்துச் சொல்லத் தொடங்கினார்கள். உடைமையைக் குறிக்கும் ‘ஹாபேரே’ என்ற வினையைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ‘காந்தாரே ஹாபேயோ’ என்றார்கள். தமிழில் ‘பாட இருக்கிறேன்’ என்கிறோமே, ஏறக்குறைய அதே கட்டுமானம். அந்தத் துணைவினையை மட்டும் இறந்தகாலத்துக்கு மாற்றினால் ‘காந்தாரே ஹாபேபாம்’, பாட இருந்தேன். ஸ்பானியத்தின் ‘காந்தரீயா’ இதிலிருந்து வந்தது.

இந்தத் தொடர் எழுத்தில் கால்கொண்ட இடம் கவனத்துக்குரியது. கி.பி. 200ஐ ஒட்டி வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் எழுதிய கிறிஸ்தவ அறிஞர் தெர்த்துல்லியனின் லத்தீனில் மூலவடிவமும் ஹாபேரேயும் சேர்ந்த தொடர்கள் அடிக்கடி வருகின்றன. 20ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்த் இவற்றை ஆராய்ந்து, தொடக்கத்தில் இவை வெறும் எதிர்காலத்தைச் சொல்லவில்லை, நடந்தே தீருமென விதிக்கப்பட்டதைச் சொன்னன என்று காட்டினார். தீர்க்கதரிசிகள் முன்னறிவித்தவை, அவர்களுடைய காலத்துக்குப் பின் நிகழ இருந்தவை, அப்படித்தான் நிகழ வேண்டியிருந்தவை. இறையியலாளருக்கு இப்படி ஓர் இலக்கண வடிவம் தேவைப்பட்டது. கவனியுங்கள்: இன்று ‘நிபந்தனை’ என்று பெயர் பெற்ற வடிவத்தின் ஊற்றுக்கண்ணில் இருப்பது, ‘ஆல்’ என்ற விகுதிக்கே இடம் தராத உறுதி.

துணைவினை ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று, 7ஆம் நூற்றாண்டில் பிராங்கியர் நாட்டில் தொகுக்கப்பட்ட ஃப்ரெடெகாரின் வரலாற்றுக் குறிப்பில் இருக்கிறது. பேரரசர் ஜஸ்டினியன் பாரசீக மன்னனைப் பிடித்து நாடுகளைக் கேட்கிறார். தரமாட்டேன் என்கிறான் மன்னன். அவன் வாயில் வருவது பழைய எதிர்கால வடிவமான ‘தாபோ’. பேரரசரின் பதில் ஒரே சொல்: ‘தாராஸ்’, தருவாய். அந்த இடத்தில் எழுந்த நகருக்கு அதுவே பெயராயிற்று என்கிறது கதை. வரலாற்றுப்படி தாரா நகரைக் கட்டியவர் ஜஸ்டினியனுக்கு முன் ஆண்ட அனஸ்தாசியுஸ். பெயர்க்காரணம் பின்னால் புனைந்தது. மொழி வரலாற்றுக்கு அது பொருட்டல்ல. புனைந்தவர் பழைய எதிர்காலத்தையும் புதிய எதிர்காலத்தையும் எதிரெதிரே நிறுத்திவிட்டார். இன்றைய ஸ்பானியத்திலும் ‘தருவாய்’ என்பதற்குத் தாராஸ்தான்; இரண்டாம் அசையில் அழுத்தம் கொடுத்துச் சொல்ல வேண்டும். அதன் இறந்தகாலத் துணை தரீயாஸ்.

ஸ்பானிய மண்ணில் இந்த ஒட்டு உடனே இறுகிவிடவில்லை. இடைக்கால எழுத்துகளில் மூலவடிவத்துக்கும் ‘ஈயா’வுக்கும் நடுவே ‘அதை’, ‘உங்களுக்கு’ போன்ற பதிலிச்சொற்கள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். இன்று ‘லோ தரீயா’ (அதைத் தருவேன்) என்பதை அன்று ‘தார் லோ ஈயா’ என்று பிரித்துச் சொன்னார்கள். 17ஆம் நூற்றாண்டுக்குள் ஸ்பானியத்தில் இது மறைந்தது. போர்ச்சுக்கலின் எழுத்து நடையில் இன்றும் உயிரோடிருக்கிறது: ‘தார்-ல்யெ-ஈயா’ என்று, அவருக்குத் தருவேன் என்பதில் ‘அவருக்கு’ வினையின் வயிற்றுக்குள்ளேயே வரும். போர்ச்சுக்கீசியம் பயில்வோர் அலுத்துக்கொள்ளும் இடம் இது. எனக்கோ, ஒரு வினைமுற்றின் தையலைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் அரிய இடம்.

தையலை முதலில் எழுத்தில் குறித்தவர் அந்தோனியோ தெ நெப்ரிகா. சலமான்காவில் 1492இல் வெளிவந்த அவருடைய காஸ்தீலிய இலக்கணம், புதிய ஐரோப்பிய மொழி ஒன்றுக்கு அச்சில் வந்த முதல் இலக்கணம். எதிர்காலத்தையும் ‘ஈயா’ வடிவத்தையும் காஸ்தீலியம் தனிச் சொல்லாகப் பெறவில்லை, மூலவடிவத்தோடு துணைவினையைச் சேர்த்துச் சுற்றிவளைத்தே பெறுகிறது என்று அவர் எழுதினார். 500 ஆண்டுகளுக்குப் பிறகும் பல பாடநூல்கள் சொல்லாமல் விடுவதை அவர் சொல்லிவிட்டார்.

யார் வேண்டுமானாலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். அந்தத் துணைவினைக்கு இன்றைய ஸ்பானியத்தில் பெயர் ‘அபேர்’. அதன் தொடர் இறந்தகாலம்: அபீயா, அபீயாஸ், அபீயா, அபீயாமோஸ், அபீயாயிஸ், அபீயான். முன்னால் உள்ள ‘அப்’பை நீக்குங்கள். மிச்சம் நிற்பவை அந்த ஆறு விகுதிகள். பேசு, சாப்பிடு, எழுது என்ற எந்த வினைக்கும் இவை சொந்த விகுதிகள் அல்ல. எல்லாம் ஒரே துணைவினையின் உடல். அதனால்தான் மூன்று குடும்பங்களும் இங்கே ஒன்றாகின்றன. இத்தாலிய மொழி இதே கட்டுமானத்தில் துணைவினையின் வேறோர் இறந்தகாலத்தை எடுத்துக்கொண்டது. அங்கே பாடுவேன் என்பது ‘காந்தெரேய்’ ஆயிற்று. விகுதி வேறு, செய்முறை ஒன்று.

அழுத்தம் விழும் இடமும் இதிலிருந்தே வருகிறது. துணைவினையின் ஈகாரம் தன் அழுத்தத்தைக் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. ஸ்பானியத்தில் அடிச்சொல்லின் உயிர் பிளவுபடுவது அழுத்தம் அதன்மேல் விழும்போதுதான்: நினைப்பதற்குப் ‘பென்சார்’, நினைக்கிறேன் என்றால் ‘பியென்சோ’, உறங்குவதற்குத் ‘தொர்மீர்’, உறங்குகிறேன் என்றால் ‘துயெர்மோ’. ‘ஈயா’ காலத்தில் அழுத்தம் அடிச்சொல் பக்கம் திரும்புவதே இல்லை. ஆகவே பென்சரீயா, தொர்மிரீயா என்று எதுவும் பிளவுபடாமல் நிற்கின்றன. ஸ்பானியத்தின் மிகக் கரடுமுரடான இரு வினைகள், இருப்பைக் குறிக்கும் ‘சேர்’, போவதைக் குறிக்கும் ‘ஈர்’. அவையும் இங்கே செரீயா, இரீயா என்று வெகு சாதுவாகிவிடுகின்றன.

அதே அழுத்தம்தான் விதிவிலக்குகளையும் உண்டாக்கியது. ஈகாரம் வலுத்து நிற்க, அதற்கு முன்னால் உள்ள உயிர் வலுவிழந்து சில வினைகளில் உதிர்ந்தது. ‘வை’ என்பதற்கான பொனேர், ‘பொன்ரீயா’ ஆகி, னகரமும் ரகரமும் உரசும் இடத்தில் ஒரு தகரம் முளைத்துப் பொந்த்ரீயா ஆயிற்று. ‘உடையதாயிரு’ என்னும் தெனேர் தெந்த்ரீயா ஆனதும் அவ்வாறே. ‘அறி’ என்னும் சபேர் சப்ரீயா. ‘முடியும்’ என்னும் பொதேர் பொத்ரீயா. ‘சொல்’ என்னும் தெசீர், ‘செய்’ என்னும் அசேர் இரண்டும் இன்னும் சுருங்கி திரீயா, அரீயா. இப்படிப்பட்ட அடிப்படை வினைகள் 12தான். மற்றவை இவற்றிலிருந்து கிளைத்தவை. எதிர்காலத்தில் எந்த அடி சுருங்குகிறதோ அதே அடிதான் இங்கும் சுருங்கும். ஒன்றைக் கற்றவர் மற்றொன்றைத் தனியாகக் கற்க வேண்டியதில்லை.

இதில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. ஒழுங்கான வினைக்கு இன்று எல்லாப் பாடநூலும் எடுத்துக்காட்டும் கொமேர், இடைக்காலத்தில் ஒழுங்காக இல்லை. உயிர் உதிர்ந்து, மகரத்துக்கும் ரகரத்துக்கும் நடுவே ஒரு பகரம் முளைத்து, ‘கொம்ப்ர’ என்ற சுருங்கிய அடியோடு அது எதிர்காலத்தில் வழங்கியது. ‘இற’ என்பதற்கான மொரீரும் ‘மொர்ர’ என்று சுருங்கியது. பிறகு பேசுவோர் மூலவடிவத்தை மீண்டும் முழுதாக நிறுத்தி இவற்றைச் சீர்செய்துவிட்டார்கள். நாள்தோறும் ஓயாமல் வாயில் புரளும் வினைகள் மட்டும் பழைய சுருக்கத்தோடு தங்கின. ஆகவே ‘ஒழுங்கு வினை’ என்பதை ஆதியிலிருந்தே அப்படி இருந்ததாக எண்ணிவிடக் கூடாது. பல வினைகளில் அது திரும்பப் பெற்ற ஒழுங்கு.

கற்போருக்கு உண்மையில் தொல்லை தருவது விகுதி அல்ல, காது. கொமீயா என்றால் ‘சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்’. கொமெரீயா என்றால் ‘சாப்பிடுவேன்’. நடுவில் நழுவும் ஒரு ‘எர்’தான் இரண்டையும் பிரிக்கிறது, வேகப்பேச்சில் அது எளிதில் தப்பிவிடும். ‘விரும்பு’ என்னும் கெரேரில் நிலைமை இன்னும் நுட்பம். கெரீயா என்றால் விரும்பினேன். கெர்ரீயா என்றால் விரும்புவேன். ரகரம் ஒரு தட்டா, நாக்கு அதிர்ந்து உருள்கிறதா என்பதில்தான் காலமே அடங்கியிருக்கிறது. இந்த இணையைப் பிரித்துக் கேட்கப் பழகிய காது, மற்ற எதையும் பிரித்துக் கேட்டுவிடும்.

பெயர் விவகாரத்துக்கு வருகிறேன். கராகஸில் 1781இல் பிறந்து, லண்டனில் பல ஆண்டுகள் வாழ்ந்து, சிலியில் குடியேறிய ஆந்த்ரேஸ் பெய்யோ, அமெரிக்கர்களின் பயன்பாட்டுக்கென்று ஒரு காஸ்தீலிய இலக்கணத்தை 1847இல் சந்தியாகோவில் வெளியிட்டார். அதில் அவர் இந்த வடிவத்துக்கு இட்ட பெயர் ‘போஸ்பிரெத்தேரித்தோ’: இறந்தகாலத்துக்குப் பிந்தியது. வினைகளின் காலத்தை ஒரு புள்ளியோடு உள்ள முன்பின் உறவாக அவர் கணக்கிட்டார். பேசும் கணத்துக்குப் பின்னால் நிகழ்வது எதிர்காலம் என்றால், கடந்துபோன ஒரு கணத்துக்குப் பின்னால் நிகழ்வது இது. ஸ்பெயினின் அரச மொழிக்கழகம் நீண்ட காலம் வேறு வழியில் அலைந்தது. 20ஆம் நூற்றாண்டின் முன்பகுதியில் ‘பொத்தென்சியால்’ என்று இதற்குத் தனி வினைப்பாங்கே வகுத்துக் கொடுத்தது. 1973இல் வெளியான வரைவு இலக்கணத்தில்தான் இதைச் சாதாரணச் செய்திவாக்கியக் காலங்களின் வரிசையில் சேர்த்தது; பெயர் மட்டும் ‘கொந்திசியொனால்’ என்று நின்றுவிட்டது. மெக்சிகோவின் பள்ளிகளில் இன்றும் பெய்யோவின் பெயர்தான். அங்கே படிக்கும் குழந்தைகள் கொடுத்துவைத்தவர்கள் என்றே நினைக்கிறேன். பெயரே பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

பெய்யோவின் கணக்கைப் பயன்பாடுகளில் வைத்துப் பார்க்கலாம். ‘வருவேன் என்று சொன்னான்’ என்ற தமிழ் வாக்கியத்தில் ‘வருவேன்’ மாறுவதில்லை, சொன்னவனின் வாய்ச்சொல்லை அப்படியே வைத்துக்கொள்கிறோம். ஸ்பானியம் சொன்ன கணத்துக்கே போய் நின்று, அங்கிருந்து வரவைப் பார்த்து, ‘திகோ கே பெந்த்ரீயா’ என்கிறது. ஐந்து நிமிடத்தில் அவன் வந்துசேர்ந்திருந்தாலும் வடிவம் இதுதான். நிபந்தனை எதுவும் இதில் இல்லை.

ஊகத்திலும் அப்படியே. கடிகாரம் பார்க்காமல் ‘மணி பத்து இருக்கும்’ என்று நாம் எதிர்கால வினையால் ஊகிப்பதுபோல் ஸ்பானியரும் எதிர்காலத்தால் ஊகிக்கிறார்கள்: செரான் லாஸ் தியெஸ். நேற்றிரவு அவர் வந்தபோது மணி என்ன என்பதை ஊகித்தாலும் தமிழில் அதே ‘பத்து இருக்கும்’தான். ஸ்பானியத்தில் அது செரீயான் லாஸ் தியெஸ் ஆக வேண்டும். ஊகம் எதிர்காலப் பாதியிலிருந்து வருகிறது, நேற்று என்பது ‘ஈயா’விலிருந்து.

பணிவும் இறந்தகாலப் பாதியின் வேலை. கடையில் ‘ஒரு காபி வேண்டும்’ என்பதை ஸ்பானியர் கெரீயா என்று வெறும் இறந்தகாலத்திலேயே பணிவாகக் கேட்கிறார்கள். கேட்பதைப் பேசும் கணத்திலிருந்து ஒரு அடி தள்ளி வைப்பதுதான் பணிவு. ‘மே குஸ்தரீயா’ (எனக்குப் பிடிக்கும், விரும்புவேன்), ‘பொத்ரீயா’ (உங்களால் முடியுமா) என்ற வடிவங்கள் அந்தத் தள்ளலோடு எதிர்காலத்தின் நிச்சயமின்மையையும் சேர்த்துக்கொள்கின்றன. பாடநூல்கள் ‘மே குஸ்தரீயா’வை முதல் பாடங்களிலேயே மனப்பாடத் தொடராகக் கொடுத்துவிட்டு, அதன் இலக்கணத்தை வெகுநாள் கழித்து வேறொரு தலைப்பில் நடத்துகின்றன. இரண்டும் ஒன்றே என்று மாணவருக்கு யாரும் சொல்வதில்லை.

செய்தித்தாளில் இன்னொரு பயன்பாடு. அமைச்சர் பதவி விலகியதாகத் தெரிகிறது என்பதை அபேரின் ‘ஈயா’ வடிவமான ‘அப்ரீயா’ சேர்த்து ஒரே வினைமுற்றில் எழுதிவிடுகிறார்கள். லத்தீன் அமெரிக்கப் பத்திரிகைகளில் இது மிகுதி. பிரெஞ்சு வழக்கின் செல்வாக்கு என்று சொல்லி ஸ்பானிய நடைக்கையேடுகள் இதைக் கடிகின்றன. யாரோ சொன்னார் என்ற தலைமை வாக்கியத்தை வெட்டிவிட்டு, ‘திகோ கே’யின் வாலை மட்டும் வைத்துக்கொண்டதுபோல் இருப்பதால் இலக்கணத்தில் இதற்கு இடமுண்டு என்றே தோன்றுகிறது. குற்றம் செய்தியாளரின் தொழிலில் இருக்கிறது: சொன்னவர் யார் என்பதும் அந்த வெட்டில் போய்விடுகிறது.

நிபந்தனை வாக்கியத்துக்குக் கடைசியாக வருவது வேண்டுமென்றேதான். ‘பணம் இருந்தால் பயணம் போவேன்’ என்பதில் ‘இருந்தால்’ பகுதிக்குத் ‘துவியேரா’ என்ற, நிகழாததைச் சொல்லும் சப்ஜங்டிவ் பாங்கின் இறந்தகால வடிவம், ‘போவேன்’ பகுதிக்குப் பியாகரீயா. கையில் பணம் இல்லை. ஆகவே இரண்டு வினைகளும் இறந்தகாலத்தின் தூரத்துக்குத் தள்ளப்படுகின்றன. இந்தப் பாகுபாடு எல்லா ஊரிலும் நிற்பதில்லை. பாஸ்க் நாடு, நவார்ரா, லா ரியோகா, பூர்கோஸ் பகுதிகளில் ‘சி தெந்த்ரீயா’ என்று முன்பாதியிலும் ‘ஈயா’வையே வைக்கிறார்கள். பூர்கோஸ் மாகாணத்தின் கோவார்ருபியாஸில் மொழியியலாளர் கார்மென் சில்வா-கொர்வலான் இதைக் கள ஆய்வு செய்திருக்கிறார். பள்ளிகள் இதைப் பிழை என்று திருத்திக்கொண்டே இருக்கின்றன. ஆனால் பூர்கோஸ் என்பது காஸ்தீலிய மொழியின் தொட்டில் நிலம். அங்கே தலைமுறைகளாகப் பேசப்படுவதை அறியாமை என்று ஒதுக்குவது எனக்கு ஏற்புடையதல்ல.

இலக்கியத்தில் பழைய கட்டுமானம் பிரிந்த நிலையிலேயே இன்றும் பயன்படுகிறது. தமிழில் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ என்று வந்திருக்கும் கார்சியா மார்க்கேசின் நாவல், பியூனஸ் அயர்ஸில் 1967இல் வெளியானது. அதன் புகழ்பெற்ற முதல் வாக்கியத்தின் தலைமை வினை ‘நினைவுகூர்வது’. அதை அவர் ‘ஈயா’ ஒட்டிய ஒற்றைச் சொல்லாக எழுதவில்லை. அபேரின் இறந்தகாலத்தை முன்னால் வைத்து, மூலவடிவத்தைப் பின்னால் வைத்திருக்கிறார். ஒட்டிய சொல்லில் மங்கிப்போன விதியின் கனம் பிரித்து வைத்ததும் திரும்பிவருகிறது. சுடும் வீரர்களின் வரிசைமுன் நிற்கப்போகும் ஒருவனின் நினைவைச் சொல்ல, தெர்த்துல்லியனின் கார்த்தேஜில் புழங்கிய அதே இரண்டு பொருட்கள் போதுமானவையாக இருந்தன.

பேச்சு ஸ்பானியத்தில் இப்போது இன்னொரு சுற்று நடக்கிறது. ‘போகிறேன்’ என்ற வினையைத் துணையாக வைத்து எதிர்காலம் சொல்வது லத்தீன் அமெரிக்கா முழுதும் மேலோங்கிவிட்டது. அதன் இறந்தகாலமான ‘ஈபா’வைச் சேர்த்து, ‘திகோ கே ஈபா ஆ பெனீர்’, வரப்போவதாகச் சொன்னான், என்கிறார்கள். இறந்தகாலத் துணைவினையும் மூலவடிவமும் சேர்ந்த அதே பழைய செய்முறை. இந்த வேலையில் பெந்த்ரீயா பின்வாங்கினாலும், பணிவிலும் நிபந்தனையிலும் ‘ஈயா’ இன்னும் உறுதியாக நிற்கிறது. ஸ்பெயினின் அன்றாடப் பேச்சில் நிபந்தனையிலும் ஒரு போட்டி வந்திருக்கிறது. பணம் இருந்தால் ஒரு கார் வாங்குவேன் என்பதற்கு, கொம்ப்ரரீயா என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘மே கொம்ப்ராபா’ என்று வெறும் தொடர் இறந்தகாலத்தைச் சொல்கிறார்கள். எதிர்காலப் பாதி முழுதும் உதிர்ந்துவிட்டது. இறந்தகாலப் பாதி ஒன்றே இன்னும் வாங்காத காரைப் பற்றிப் பேசுகிறது. கேட்பவர் யாரும் கார் வாங்கியாயிற்று என்று எடுத்துக்கொள்வதில்லை.